கடைமடை வோல்டேஜ்: ஒரு தோட்டத்து வீடு, மூணு கிலோவாட் சோலார், பதினைந்து போஸ்ட்

பங்குனி மாதம், மத்தியானம் பன்னிரண்டே முக்கால். மாமா போன் செய்தார். "ஏனப்பா மாப்ளே, சூரியன் நடு உச்சியில நிக்குது. உன்ற பொட்டி செவப்பு லைட்டப் போட்டுக்கிட்டுத் தூங்குது. இதுக்கா நான் அத்தனை காசு போட்டேன்?"

பொட்டி என்று அவர் சொன்னது சோலார் இன்வெர்டரை. அதை வாங்கச் சொன்னது நான்தான். கோயமுத்தூரில் மில்களுக்கும் கம்பெனிகளுக்கும் மின்தணிக்கை செய்து பிழைக்கிறவன் சொந்த மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் சும்மா இருக்க முடியுமா? மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை நாலு மாதம் இழுத்தது. "கூரையில் பேனலும் கீழே பேட்டரியும் வைத்துவிட்டால் இ.பி. எதற்கு?" என்று ஒரு தரப்பு, "நாடு முழுக்கப் பெரிய லைன் போட்டால்தான் விடிவு" என்று ஒரு தரப்பு. இரண்டு தரப்புமே இந்த வீட்டைத் தாண்டி யோசிக்கிறதா என்ற சந்தேகம் எனக்கு வந்தது அந்த நாலு மாதத்தில்தான்.

வீடும் லைனும்

மாமா வீடு சுல்தான்பேட்டைக்கும் பல்லடத்துக்கும் நடுவில், ஊரை விட்டு விலகித் தோட்டத்துக்குள் இருக்கிறது. அவரவர் காட்டுக்குள் சாளை கட்டிக் குடியிருப்பது கொங்கு நாட்டு வழக்கம். பட்டிக்கும் மாட்டுக்கும் அது சௌகரியம், மின்சாரத்துக்குச் சங்கடம். ஊருக்குள் என்றால் ட்ரான்ஸ்பார்மரைச் சுற்றி நூறு வீடு நெருக்கமாக இருக்கும். இங்கே ஏழெட்டு வீட்டுக்காக லைன் நூல் பிடித்த மாதிரி நீளமாகப் போகிறது. 63 கேவிஏ ட்ரான்ஸ்பார்மரிலிருந்து மாமா வீட்டுக்குப் பதினைந்து போஸ்ட், சுமார் 700 மீட்டர். கடைசிப் போஸ்ட் அவருடையது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் போட்ட சன்னமான அலுமினியக் கம்பி.

இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் சுமாருக்கு ஓடும் வீடு. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் 2016 முதல் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் விழும், கீழ்ப்படிகளின் சலுகையிலும் கொஞ்சம் கழன்றுவிடும். பில் 2,400 ரூபாய் வாக்கில் வந்துகொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். மாமாவுக்குச் சொன்ன விலை 1,95,000. மானியம் போக 1,17,000. எட்டு வருஷத்தில் காசு திரும்பும் என்று நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட்டுக்குக் குறையாது, அந்தக் கணக்கில் தப்பில்லை. கம்பியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அங்கேதான் சறுக்கினேன்.

முதல் ஏமாற்றம் சீக்கிரமே வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஷட்டவுன் விட்ட நாளில் கூரையில் வெயில் கொதிக்க, வீட்டில் ஃபேன் ஓடவில்லை. "நம்மூட்டுச் சோலாருக்கு இ.பி.காரன் எப்படிங்க ஷட்டவுன் விட முடியும்?" என்று அத்தை கேட்டார். லைனில் கரண்ட் இல்லையென்றால் இந்த வகை இன்வெர்டர் தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்டில் ஏறி நிற்கும் லைன்மேனை நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடும். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

ஏழு நாள் அளவு

வோல்டேஜைப் பதிவு செய்யும் கருவியை மெயின் போர்டில் மாட்டி ஒரு வாரம் விட்டேன். காலை ஆறரைக்கு 232. அதில் ஒன்றும் கோளாறில்லை. பொழுதோட ஏழரைக்கு 187. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான், வீட்டாருக்கும் பழகிப்போன சத்தம். மத்தியானம் 12.40-க்கு 271.

கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொரு மீட்டரை வைத்துப் பார்த்தேன். அதுவும் 271. வீட்டுக்கு வர வேண்டியது 230, பத்து சதவீதம் கூடினாலும் 253-ஐத் தாண்டக் கூடாது. மாமாவின் இன்வெர்டர் 264-க்கு மேல் போனால் கழன்றுகொள்ளும்படி அமைத்திருந்தது. கழன்றதும் வோல்டேஜ் இறங்கும். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சேரும், மறுபடி ஏறும், மறுபடி கழலும். பதினொன்றேகாலிலிருந்து இரண்டரை வரை இதே கண்ணாமூச்சி. பன்னிரண்டு யூனிட் வர வேண்டிய நாளில் ஏழோ எட்டோதான் வந்தது.

காரணம் கம்பிதான். நீளமான, சன்னமான கம்பியில் கரண்ட் வீட்டை நோக்கி வரும்போது வழியில் வோல்டேஜ் தேய்கிறது. அதே கம்பியில் கரண்ட் வீட்டிலிருந்து வெளியே போகும்போது வோல்டேஜ் அதே அளவுக்கு வீட்டுப் பக்கம் ஏறுகிறது. ஒன்றரை ஓமுக்குச் சற்றுக் குறைவான கம்பி. அதில் மாமாவின் பத்து ஆம்பியர் மட்டும் போனால் பதின்மூன்று வோல்ட் ஏறும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே லைனில் எட்டாவது போஸ்ட்டில் வாத்தியார் வீடு, பன்னிரண்டாவதில் கோழிப்பண்ணைக்காரர் வீடு, இரண்டிலும் ஆளுக்கு மூணு கிலோவாட். லைனில் கரண்ட் வருகிற மூன்று கம்பியில் ஒவ்வொன்றும் ஒரு பேஸ். மூன்று வீட்டையும் ஒரே கம்பெனி ஒரே பேஸில் மாட்டியிருந்தது. ட்ரான்ஸ்பார்மரில் 240, அதற்கு மேல் மூன்று வீட்டுக்கும் சேர்த்து முப்பதுக்கு மேல் ஏற்றம். 271 வந்ததில் ஆச்சரியமே இல்லை.

பிஏபி என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த மாமாவுக்கு இதை விளக்க ஓம் விதி தேவைப்படவில்லை. "கடைமடைதான?" என்றார். ஆமாம், கடைமடையேதான். பொழுதோட எல்லாரும் இழுக்கும்போது கடைசி வீட்டுக்குத்தான் வோல்டேஜ் குறைவு. மத்தியானம் எல்லாரும் தள்ளும்போது கடைசி வீட்டில்தான் அதிகம், ஆகவே அந்த வீட்டுப் பொட்டிதான் முதலில் கழலும். அது கழன்ற புண்ணியத்தில் வாத்தியார் வீட்டுப் பொட்டி நிற்காமல் ஓடும். வாய்க்காலிலாவது தண்ணீர் வராத கஷ்டம் ஒன்றுதான். இங்கே போகவும் அடி, வரவும் அடி.

சோலார் போட்டுக் கொடுத்த கம்பெனிக்குச் சொன்னோம். பேர் வேண்டாம். ஒரு பையன் வந்தான், செல்போனை எடுத்தான், செயலியில் எதையோ தட்டினான், "சரியாயிருச்சுங்" என்று போய்விட்டான். மேல்வரம்பை 264-லிருந்து 280-க்கு ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான்! பொட்டி அப்புறம் கழலவில்லை, வாஸ்தவம். மூன்றாம் நாள் எல்இடி பல்பு இரண்டும் செட்டாப் பாக்ஸும் போயின. காய்ச்சல் அடிக்கிறது என்றால் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம் இது. அன்றைக்கே பழையபடி 264-க்கு இறக்கினேன்.

போஸ்ட்டில் பத்து நிமிடம்

இ.பி. பிரிவு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டோம். நடுவில் ஒரு ட்ரான்ஸ்பார்மர் வைத்து லைனை இரண்டாகப் பிரித்தால் முழுத் தீர்வு. மதிப்பீடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள், இதை எழுதும்போதும் வரிசையில்தான் இருக்கிறது. ட்ரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிவைக்கலாமே என்றால், இந்த அளவுச் சின்ன ட்ரான்ஸ்பார்மர்களில் அதற்கான டாப் வசதி பெரும்பாலும் கிடையாது. அப்படியே இருந்து இறக்கினாலும் பொழுதோட 187 என்பது 177 ஆகும்.

வழி காட்டியவர் லைன்மேன். அடுத்த ஷட்டவுன் நாளில், ஆபீஸில் சொல்லிவிட்டு, பன்னிரண்டாவது போஸ்ட்டில் ஏறிக் கோழிப்பண்ணை வீட்டு சர்வீஸை வேறு பேஸுக்கு மாற்றிக் கட்டினார். ஏறி இறங்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மறுநாள் மத்தியானம் 258. பொட்டி கழலவில்லை. அந்தப் பண்ணை வீட்டுக் கரண்ட் இந்தப் பேஸை விட்டுப் போனதோடு, எல்லா பேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பியான நியூட்ரலில் இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் கழித்துக்கொண்டதால் கிடைத்த பலன் இது. வரம்பான 253-க்கு இன்னும் மேலேதான். ஆனால் இதுவரை செலவு லைன்மேனுக்கு அத்தை கொடுத்த இளநீர் இரண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா வீட்டில் முதலிலேயே மூணு பேஸும் வரும் மும்முனை இணைப்பும் மும்முனை இன்வெர்டரும் இருந்திருந்தால், அதே மூணு கிலோவாட் மூன்று கம்பியில் பிரிந்து போயிருக்கும். நியூட்ரலில் கரண்டே போகாது. அவர் பங்குக்கு ஏறுவது பதின்மூன்று வோல்ட் இல்லை, இரண்டு வோல்ட் சுமார். ஆறில் ஒரு பங்கு! விலை வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனாலும் ஆர்டர் எடுக்க வந்தவர் இப்படி ஒரு வழி உண்டு என்று வாயைத் திறக்கவில்லை. கூரையை அளந்தார், நிழல் விழுமா என்று பார்த்தார், போஸ்ட்டை எண்ணவில்லை.

பேட்டரி

மத்தியானப் பிரச்சினை அடங்கியது. பொழுதோட 187 அடங்கவில்லை. மருமகள் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். சாயங்கால மீட்டிங் நடுவே ரூட்டர் அணைந்தால் அவளுக்குக் கேட்க வேண்டிய பேச்சு வேறு. ஆகவே பேட்டரி. பழைய ட்யூபுலர் பேட்டரி எங்கள் பக்கம் யாருக்கும் புதிதில்லை. 2008-க்குப் பிறகு பவர்கட் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்ததுதான், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்து செத்துப்போனவை எத்தனையோ. இந்த முறை ஐந்து யூனிட் பிடிக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும், பேனல், பேட்டரி, லைன் மூன்றோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்டரும் சேர்த்து 1,40,000 ரூபாய். மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது.

மாட்டிய முதல் வாரம் மத்தியான அளவைப் பார்த்தேன். அதே 258! ஒரு வோல்ட்கூட இறங்கவில்லை. பேட்டரி நிரம்பிக்கொண்டிருக்கும்போது வெளியே தள்ளும் கரண்ட் குறையும், வோல்டேஜ் இறங்கும் என்று படித்ததெல்லாம் என்னாயிற்று? அரைநாள் யோசித்த பிறகு புரிந்தது. பொட்டி வெயில் வந்ததும் பேட்டரியைத்தான் முதலில் நிரப்பும். காலை பத்தரைக்கெல்லாம் அது நிரம்பிவிடுகிறது. உச்சி வேளையில் பேட்டரி வயிறு முட்டிக் கிடக்க, பேனல் தருவது முழுவதும் பழையபடி லைனுக்கே போகிறது. பதினொன்றிலிருந்து இரண்டு வரை, ஒன்றரை கிலோவாட் அளவில் மட்டும் நிரப்பு என்று மாற்றினேன். அன்று மத்தியானம் 250. முதல் முறையாக 253-க்குக் கீழே.

செயலியில் நாலு தட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு தட்டு தட்டாத பேட்டரியால் லைனுக்குக் காலணாப் பிரயோசனம் இல்லை. ஊரெல்லாம் பேட்டரி வந்துவிட்டால் லைன் சுமை தானாகக் குறையும் என்பவர்கள் இதை ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

இப்போது ஆறு மணிக்கு மேல் வீடு பேட்டரியில் ஓடுகிறது, ஸ்டெபிலைசர் சத்தம் நின்றுவிட்டது, ஷட்டவுன் நாளிலும் ஃபேன் சுற்றுகிறது. அத்தைக்குப் பரம திருப்தி. காசாகப் பார்த்தால் பேட்டரி நட்டம், அதை மாமாவிடம் ஒளிக்கவில்லை. நெட் மீட்டரில் மத்தியானம் கொடுத்த யூனிட்டை ராத்திரி அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த லைனே சும்மா கிடைக்கும் பேட்டரி. "இ.பி.யே வேண்டாம்" என்று பேசுகிற சோலார்க்காரர் பலரும் பகலில் கொடுத்து ராத்திரி வாங்கும் வசதியில்தான் அப்படிப் பேசுகிறார்கள். பக்கத்துக் குடோனில் ஆறு தறி ஓடுகிறது, தறிக்கு ஒரு எச்பி மோட்டார். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் 40, 50 யூனிட். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மூடாப்புப் போட்டால் அதற்கு எத்தனை பேட்டரி அடுக்குவது? விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதும் லைன் வழியாக வருவதுதான்.

தலைக்கு மேலே போகும் லைன்

பெரிய மாமா தோட்டத்தில் ஒரு 400 கேவி டவர் நிற்கிறது. புகளூரிலிருந்து மேற்கே வரும் லைன். புகளூருக்கு எங்கிருந்து வருகிறது என்றால் சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து, 800 கேவி நேர்மின்சாரத்தில், 1,700 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி, 6,000 மெகாவாட். மாநிலம் இதுவரை தொட்ட உச்சங்களில் ஒன்று 2024 மே 2-ஆம் தேதி வந்த 20,830 மெகாவாட். அதில் கால் பங்குக்கு மேல் தாங்கக்கூடிய ஒற்றை லைன்.

இதை வேண்டாம் என்று சொல்ல 2012-ஐப் பார்த்த யாருக்கும் வாய் வராது. அந்த வருஷம் எங்கள் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போய்விடும். சோமனூரில் தறிகள் ஒரு மணி ஓடும், ஒரு மணி நிற்கும். அப்போது தென்மாநில மின்தொகுப்பு வடக்கோடு முழுதாக இணையவில்லை. வேறு இடத்தில் மின்சாரம் இருந்தாலும் தேவையான அளவு இங்கே கொண்டுவரப் பாதை இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாக இணைந்தது. இதில் ஒரு வேடிக்கை: 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடநாடு மொத்தமாக இருண்டபோது நாம் தப்பியதற்கும் அந்த இணையாமைதான் காரணம்.

20 லட்சம் வீட்டுக் கூரையில் மாமா வீட்டு மாதிரி மூணு கிலோவாட் போட்டால் உச்சி வெயிலில் அதே 6,000 மெகாவாட் வரும். பொழுதோட ஏழரைக்கு ஒன்றும் வராது. அந்த 20 லட்சம் வீட்டிலும் ஐந்து யூனிட் பேட்டரி வைத்தால், எங்கள் விலையில் 28,000 கோடி ரூபாய். அத்தனையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு கோடி யூனிட். அந்த லைன் முழுச்சுமையில் ஓடினால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். போதாததற்கு ஆடிக்காற்று இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் உடுமலை, பெதப்பம்பட்டி, பூளவாடி பக்கத்துக் காற்றாலைகள் ராத்திரி பகல் பாராமல் சுற்றும்போது, அந்த மின்சாரத்தை வெளியே அனுப்ப வழியில்லாமல் நிறுத்திவைத்த காலமும் உண்டு. லைன் இருந்தால் கொண்டுவரவும் ஆகும், அனுப்பவும் ஆகும்.

பேட்டரியும் எங்களுக்குப் புதுசில்லை. ஆனைமலையில் காடம்பாறை 1980-களின் கடைசியிலிருந்து அந்த வேலையைத்தான் செய்கிறது. மின்சாரம் மிச்சப்படும் நேரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே ஏற்றும், தேவைப்படும்போது இறக்கிவிட்டு 400 மெகாவாட் தரும். ஒரு மலையையே பேட்டரியாக வைத்திருக்கும் ஜில்லாவில் வீட்டுக்கு வீடு பெட்டி வாங்குவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் டவர் நட்ட விதத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது. 2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தபோது கேட்ட கேள்வி நியாயமானது: புகளூரிலிருந்து திருச்சூர் போகும் நேர்மின் லைன் கேரளாவுக்குள் ஒரு தூரம் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது, எங்கள் காட்டில் மட்டும் ஏன் தலைக்கு மேல்? அன்றைய வழிகாட்டுதலில் டவர் அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். உயர்த்தியதே முன்பு கொடுத்தது குறைச்சல் என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான், பெரிய மாமாவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாமல் அந்தக் கீற்று நிலத்தில் சோளத்தட்டு போடுகிறார். மின்சார விஷயத்தில் இந்த மண்ணுக்கு ஞாபகம் அதிகம். யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். ஒரு பைசாவுக்கு.

அந்த டவருக்குக் கீழே நின்று பார்த்தால் கம்பிக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே ஒரு ஃபர்லாங்கு தூரம்கூட இருக்காது. மேலே 400 கேவி, கீழே பொழுதோட 187 வோல்ட். பெரிய லைனிலிருந்து இந்த வீட்டுக்கு மின்சாரம் வர வேண்டுமென்றால் துணை மின்நிலையம், 22 கேவி, ட்ரான்ஸ்பார்மர் என்று சுற்றி, கடைசியில் அந்தப் பதினைந்து போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். கூரைமேல் விளைவது வெளியே போகவும் அதே பதினைந்து போஸ்ட்தான். ராய்கரிலிருந்து காசு போட்டுக் கொண்டுவந்ததும் கூரையில் மானியம் போட்டு விளைவித்ததும் முட்டிக்கொண்டு நின்றது இந்த 700 மீட்டர் சன்னக் கம்பியில். என் கையில் இருந்தால் மாமாவின் 1,40,000 ரூபாயைப் பேட்டரியில் போடாமல் அந்தக் கம்பியை மாற்றப் போட்டிருப்பேன். ஏழெட்டு வீடும் பிழைத்திருக்கும். ஆனால் அந்தக் கம்பி அவருடையது இல்லை, பேட்டரி அவருடையது. மனுசன் தன் கைக்கு எட்டியதைத்தானே வாங்குவான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடி கூப்பிட்டார். பத்தாவது போஸ்ட் வீட்டுக்காரரும் மூணு கிலோவாட் போடுகிறாராம், கம்பெனி ஆள் வந்து கூரையை அளந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எந்தப் பேஸ்ல மாட்டறாங்கன்னு கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன். பேஸுன்னா என்னங்கன்னு அவன் என்னையக் கேக்கறான். நீ மீட்டர எடுத்துக்கிட்டு வெசாழக்கெழமைக்குள்ள வந்து சேரு."